மணமாகாத தாயும் தோலின் நிறமும்: அமெரிக்க வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசியல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வறுமை, குற்றம், பள்ளிப் படிப்பு என்று எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், சற்று நேரத்தில் அது கறுப்பினத் தாய்மார்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்பதில் வந்து நிற்கும். இந்தப் பேச்சுக்கு முந்நூற்றைம்பது ஆண்டு முன்கதை இருக்கிறது. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெறுவது எல்லா ஊரிலும் பழிதானே? இதில் நிறம் எங்கிருந்து வந்தது?

பழி எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் அதோடு ஒரு கணக்கும் சேர்ந்துகொண்டது: பிறக்கிற குழந்தையால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு? தாயின் நிறத்தைப் பொறுத்து விடை மாறியது. விடை மாறிய ஒவ்வொரு முறையும் ஒழுக்கம் என்று சொல்லப்பட்டதும் கூடவே மாறியது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மற்றதெல்லாம் சான்று.

தொடக்கம், அப்போது ஆங்கிலேயக் காலனியாக இருந்த வர்ஜீனியா. ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளையின் நிலை தகப்பனை வைத்தே தீர்மானிக்கப்பட்டது. எலிசபெத் கீ என்ற பெண் இந்த வாதத்தை முன்வைத்து 1656-ல் விடுதலை பெற்றார். அவருடைய தாய் ஆப்பிரிக்க அடிமை. தந்தை காலனிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த ஆங்கிலேயர். இது தொடர்ந்தால் பண்ணை முதலாளிகளின் பாடு என்னாவது? 1662-ல் வர்ஜீனியா சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பியது: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. எசமானே தகப்பனாக இருந்தாலும் அந்தப் பிள்ளை அவருக்கு வாரிசு ஆகாது, உடைமை ஆகும். அடிமைப் பெண் எத்தனை பிள்ளை பெற்றாலும், யாருக்குப் பெற்றாலும், ஒழுக்கம் பற்றிய கேள்வியே எழவில்லை.

இதே வர்ஜீனியா 1691-ல் இன்னொரு சட்டம் போட்டது. வெள்ளைக்காரப் பெண் கறுப்பருக்குக் கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றால் 15 பவுண்டு அபராதம். கட்ட முடியாவிட்டால் ஐந்து வருடம் ஊழியத்துக்கு விற்கப்படுவாள். பிள்ளை முப்பது வயதுவரை கொத்தூழியம் செய்ய வேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிவைத்தார்கள்.

அடிமைகள் கல்யாணமே செய்துகொள்ளவில்லையா?

செய்துகொண்டார்கள். தெற்கு மாநிலங்களின் சட்டம் அதைத் திருமணமாக ஏற்கவில்லை. தரையில் கிடத்திய துடைப்பத்தைச் சோடியாகத் தாண்டுவது பல பண்ணைகளில் சடங்கு. பாதிரியார் வந்து நடத்திவைத்த இடங்களில் வழக்கமான உறுதிமொழியில் ஒரு திருத்தம் இருந்தது: சாவு பிரிக்கும்வரை என்பதற்குப் பதிலாக, சாவோ தூரமோ பிரிக்கும்வரை. தூரம் என்றால் விற்பனை. கணவனை மிசிசிப்பிக்கு விற்றுவிட்டால் தாம்பத்தியம் அத்தோடு முடிந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வட கரோலினா 1866-ல் போட்ட சட்டப்படி, விடுதலை பெற்ற சோடிகள் மாவட்ட எழுத்தர் முன்னால் போய் 25 சென்ட் கட்டித் தங்கள் உறவைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. ஆண் பெயர், பெண் பெயர், எத்தனை காலமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று வரிவரியாகப் போகும். இருபது வருடம், முப்பது வருடம் என்று எழுதியிருக்கிறது. கையில் காசே புழங்காத காலத்தில் 25 சென்ட் கொடுத்து, ஏற்கெனவே வாழ்ந்த வாழ்க்கைக்குச் சான்று வாங்கியிருக்கிறார்கள். இவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் பின்னால் வந்த அறிஞர்கள் கல்யாணத்தின் அருமை தெரியாதவர்கள் என்று எழுதினார்கள்.

தகப்பன் வெள்ளையராக இருந்தால்?

பெரும்பாலும் பெயரே வெளியில் வராது. கலப்புத் திருமணத்தைப் பல மாநிலங்கள் தடைசெய்திருந்ததால், அந்த உறவில் பிறந்த பிள்ளை முறைப்படி பிறந்ததாக ஆவதற்கு வழியே கிடையாது. உச்ச நீதிமன்றம் இந்தத் தடைகளை 1967-ல்தான் ரத்து செய்தது. தென் கரோலினா தன் அரசியலமைப்பிலிருந்து அந்த வாசகத்தை நீக்கியது 1998-ல், அலபாமா 2000-ல்.

தென் கரோலினாவைச் சேர்ந்த செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். நிறப்பிரிவினைக் கொள்கையை வைத்தே 1948-ல் அதிபர் தேர்தலில் நின்றவர். 1957-ல் கறுப்பருக்கான குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்க 24 மணி நேரம் 18 நிமிடம் விடாமல் பேசியவர். அவருக்கு 22 வயதாக இருந்தபோது வீட்டில் வேலை செய்த 16 வயதுக் கறுப்பினச் சிறுமிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆண்டு 1925. குழந்தை பென்சில்வேனியாவில் உறவினர் வீட்டில் வளர்ந்தது. தர்மண்ட் ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தார். 2003-ல் அவர் இறந்த பிறகு, எழுபத்தெட்டு வயதில் எஸ்ஸி மே வாஷிங்டன்-வில்லியம்ஸ் தன் தகப்பன் யார் என்று ஊரறியச் சொன்னார். மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் தர்மண்டுக்கு ஒரு சிலை இருக்கிறது. அதன் பீடத்தில் அவருக்கு நான்கு பிள்ளைகள் என்று பொறித்திருந்ததை 2004-ல் ஐந்து என்று திருத்தினார்கள்.

இதில் ஊர் வாய்க்கு அவலாகியிருக்கக்கூடியவர் யார்? அந்தப் பதினாறு வயதுப் பெண்தான்.

அப்படியானால் வெள்ளையினப் பெண்களுக்குச் சிக்கலே இருந்ததில்லையா?

நிறைய இருந்தது, ஏழையாக இருந்தால் இன்னும் அதிகம். கேரி பக் என்ற வர்ஜீனியாப் பெண்ணுக்கு வயது 17. வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் அவரைக் கெடுத்தான். வயிறு தெரிந்ததும் அந்தக் குடும்பம் அவரை மந்தபுத்தி உள்ளவர்களுக்கான விடுதிக்கு அனுப்பியது. அவருடைய தாயும் அங்கேதான் இருந்தார். கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1927-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் செய்யலாம் என்றது. மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். மூன்றாம் தலைமுறை என்று அவர் குறித்தது கைக்குழந்தையை. அந்தக் குழந்தை விவியன் பிறகு பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பிடித்தாள். எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள்.

அதற்கு முன்பிருந்தே இரக்கமுள்ள இடங்களும் இருந்தன. நியூயார்க்கின் மருந்து மொத்த வியாபாரி சார்லஸ் கிரிட்டெண்டன், நான்கு வயதில் இறந்த தன் மகள் ஃபுளோரன்ஸ் பெயரில் 1883-ல் ஓர் இல்லம் தொடங்கினார். அது நாடெங்கும் கிளைவிட்டது. ஆரம்பத்தில் அங்கே கொள்கை, தாயையும் சேயையும் பிரிக்கக் கூடாது என்பதுதான். தாய்ப்பால் கொடுக்க வேண்டும், ஒரு கைத்தொழில் கற்க வேண்டும், பிள்ளையோடு வெளியே போக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இதே இல்லங்களில் இது முழுக்கத் தலைகீழானது.

1945-க்குப் பிறகு என்ன மாறியது?

வெள்ளைக்காரக் குழந்தைக்குக் கிராக்கி வந்தது. போர் முடிந்து, ஊருக்கு வெளியே புதுப்புது வீடுகள், வீட்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் என்று நாடே குடும்பம் நடத்திய காலம். பிள்ளையில்லாத தம்பதிகள் தத்தெடுப்பு நிறுவனங்களில் வரிசையில் காத்திருந்தார்கள். இதே நேரத்தில் சமூகப்பணித் துறையில் ஒரு புதுக் கோட்பாடு பரவியது: கல்யாணம் ஆகாமல் கருவுற்ற வெள்ளையினப் பெண் கெட்டவள் இல்லை, மனச்சிக்கல் உள்ளவள். அவளைக் குணப்படுத்திவிடலாம். குணத்தின் அடையாளம், குழந்தையைக் கொடுத்துவிட்டு மறந்துபோவது.

நடைமுறை எப்படி இருந்தது என்பதற்கு அந்த இல்லங்களில் இருந்த பெண்களே பின்னாளில் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். வயிறு தெரியத் தொடங்கியதும் மகளைத் தூரத்து அத்தை வீட்டுக்கு அனுப்பியிருப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். விடுதியில் சொந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. முதல் பெயரும் ஒரு எழுத்தும்தான், சில இடங்களில் பெயரே வேறு. கடைத்தெருவுக்குப் போகும்போது விரலில் மாட்டிக்கொள்ளப் பித்தளை மோதிரம் கொடுப்பார்கள். பிரசவ வலியில் பக்கத்தில் துணைக்கு யாரும் இருக்கமாட்டார்கள். நாலைந்து நாளில் ஒரு தாள் நீட்டப்படும். கையெழுத்துப் போடாவிட்டால் விடுதிச் செலவு, மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கட்ட வேண்டியிருக்கும் என்று மிரட்டப்பட்டவர்கள் பலர். வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. 1945 முதல் 1973 வரை இப்படித் தத்துப்போன குழந்தைகள் சுமார் 15 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

கறுப்பினப் பெண்களும் இந்த விடுதிகளில் இருந்தார்களா?

மிகச் சிலர். பெரும்பாலான விடுதிகள் அவர்களைச் சேர்க்கவில்லை. கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் இருந்ததுபோல அவர்களுக்கென்றே நடந்த இல்லங்களை விரல்விட்டு எண்ணலாம். சேர்க்காததற்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இது மனநோய் என்றார்கள் அல்லவா? கறுப்பினப் பெண்ணுக்கு இது இயல்பு என்றார்கள். இயல்பை எப்படிக் குணப்படுத்துவது? அதனால் சிகிச்சையும் தேவையில்லை, மறைவிடமும் தேவையில்லை, தத்துக்கொடுக்க வழியும் தேவையில்லை.

எண்களில் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரிகிறது. 1973-க்கு முன்னால், மணமாகாத வெள்ளையினத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 19 தத்துக்கொடுக்கப்பட்டன. கறுப்பினத் தாய்மாரிடையே இது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. தத்தெடுப்பு நிறுவனங்கள் கறுப்பினக் குழந்தைகளுக்கு வீடு தேட அதிகம் மெனக்கெடவில்லை என்பது ஒரு பக்கம். பாட்டி, பெரியம்மா, அத்தை என்று யாராவது எடுத்து வளர்த்தார்கள் என்பது மறுபக்கம். இரண்டாவது காரணம் நமக்கு எளிதில் புரியும். பத்திரம் எழுதாமல் பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

கறுப்பினச் சமூகம் இதை அவமானமாகவே பார்க்கவில்லை என்கிறார்களே?

இது வெளியிலிருந்து கட்டிவிட்ட கதை. பல கறுப்பினத் தேவாலயங்களில் கருவுற்ற பெண், சபை முழுக்கப் பார்க்க எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பையனை எழுப்பி நிறுத்திய இடங்கள் குறைவு. பள்ளி அவளை வெளியே அனுப்பும். அவமானம் இருந்தது, பிள்ளையைக் கைகழுவுவது மட்டும் அதைவிடப் பெரிய அவமானமாக எண்ணப்பட்டது.

க்ளாடெட் கோல்வினை எடுத்துக்கொள்ளுங்கள். மாண்ட்கமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக 1955 மார்ச் 2 அன்று கைதானபோது அவருக்கு வயது 15. இதே காரணத்துக்காகக் கைதாகிப் பின்னால் புகழ்பெற்ற ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு ஒன்பது மாதம் கழித்து. கோல்வினை முன்னிறுத்திப் போராட்டத்தைத் தொடங்கலாமா என்று உள்ளூர்த் தலைவர்கள் யோசித்தார்கள், வேண்டாம் என்று விட்டார்கள். சின்ன வயது, ஏழைக் குடும்பம், கோபக்காரி என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தக் கோடையில் அவர் கருவுற்றதும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. கைதானபோதே கர்ப்பமாக இருந்தார் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. தலைவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கையில் பிள்ளையோடு நிற்கும் பதின்வயதுப் பெண்ணின் படத்தைத் தெற்கத்திப் பத்திரிகைகள் சும்மா விட்டிருக்காது. ஆனால் பேருந்தில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பு வாங்கிய வழக்கில் வாதிகளாக நின்ற பெண்களில் கோல்வினும் ஒருவர். 1956 மார்ச்சில் பிள்ளை பெற்று, மே மாதம் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்.

அரசு உதவித்தொகைக்காகத்தானே பிள்ளை பெற்றார்கள்?

இல்லை. அந்த உதவித்தொகை கறுப்பினத் தாய்மாரை நினைத்துத் தொடங்கப்பட்டதே இல்லை. 1911-ல் இல்லினாய் மாநிலம் தாய்மார் உதவித்தொகையைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் பின்பற்றின. 1931-ல் கணக்கெடுத்தபோது, வாங்கியவர்களில் நூற்றுக்கு 82 பேர் விதவைகள். நூற்றுக்கு 96 பேர் வெள்ளையர், மூன்று பேர் கறுப்பர். கல்யாணம் ஆகாதவர்கள் இருக்கிற இடமே தெரியவில்லை.

1935-ல் மத்திய அரசு இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. 1939-ல் ஒரு திருத்தம் வந்தது. காப்பீடு உள்ள தொழிலாளி இறந்தால் அவருடைய மனைவி மக்களுக்குத் தனி நிதியிலிருந்து, எந்த விசாரணையும் இல்லாமல் பணம் கிடைக்கும் என்றார்கள். விதவைகள் மெல்ல அங்கே நகர்ந்தார்கள். விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் அந்தக் காப்பீடே இல்லை. தெற்கில் கறுப்பர்கள் செய்த வேலைகளே அவைதான். ஆகப் பழைய திட்டத்தில் எஞ்சியவர்கள் கைவிடப்பட்டவர்களும் மணமாகாதவர்களும் கறுப்பினத்தவர்களும். அதன் பிறகுதான் பத்திரிகைகளுக்கு அந்தத் திட்டம் கசக்கத் தொடங்கியது.

லூசியானாவில் 1960-ல் நடந்தது என்ன?

நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. சட்டமன்றம் கொதித்துப்போய் நிறப்பிரிவினையைக் காக்கச் சட்டங்களாக இயற்றித் தள்ளியது. அவற்றோடு ஒன்று: உதவித்தொகை பெறத் தொடங்கிய பிறகு மணமாகாமல் பிள்ளை பெற்றவளின் வீடு தகுதியான வீடு ஆகாது. ஒரே கோடையில் சுமார் 23,000 குழந்தைகளுக்கான தொகை நின்றது. மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினப் பிள்ளைகள். அந்த வீடு குழந்தை வாழத் தகுதியில்லாதது என்று சொன்ன அரசு, குழந்தையை அங்கிருந்து எடுக்கவில்லை, சோற்றை மட்டும் நிறுத்தியது.

நியூ ஆர்லியன்ஸ் மக்கள் உணவு திரட்டிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் நகர மன்றப் பெண் உறுப்பினர்கள் விமானத்தில் உணவுப்பொருள் அனுப்பியதும் வாஷிங்டனுக்கு முகத்தில் அறைந்தாற்போல ஆயிற்று. 1961 ஜனவரியில், பதவிக்காலம் முடிகிற தறுவாயில், நலத்துறை அமைச்சர் ஆர்தர் ஃபிளெமிங் ஓர் ஆணை பிறப்பித்தார்: குழந்தை அதே வீட்டில் இருக்கும்போது, வீடு சரியில்லை என்று சொல்லித் தொகையை நிறுத்தக் கூடாது.

நள்ளிரவுச் சோதனை என்கிறார்களே, அது?

தாயின் வீட்டில் ஆம்பளை இருக்கிறானா என்று பார்க்க நலத்துறை ஊழியர்கள் நேரங்கெட்ட நேரத்தில் கதவைத் தட்டுவது. இருந்தால் அவன்தான் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லித் தொகையை நிறுத்திவிடலாம். கலிஃபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 1963 ஜனவரியில் ஒரு ஞாயிறு விடிகாலையில் இப்படி ஒரு பெரிய வேட்டைக்கு ஏற்பாடு செய்தார்கள். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும்: ஒருவர் முன்வாசலில், இன்னொருவர் பின்வாசலில். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், குளியலறையில் தேட வேண்டும். பென்னி பாரிஷ் என்ற ஊழியர் வரமுடியாது என்று சொன்னார். பார்வையற்றவர் அவர். கீழ்ப்படியாமைக்காக வேலை போனது. 1967-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அலபாமாவின் விதி இன்னும் ஒரு படி மேலே போனது. தாயோடு எப்போதாவது உறவு வைத்திருக்கும் ஆண், பிள்ளைகளுக்குத் தகப்பனாக இல்லாவிட்டாலும் மாற்றுத் தகப்பன் எனக் கருதப்படுவான். செல்மா நகரம் இருக்கும் டாலஸ் மாவட்டத்தில் திருமதி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண், விடிகாலை மூன்றரை முதல் பகல் பன்னிரண்டுவரை உணவுக்கடையில் சமைத்துப் பரிமாறி வாரத்துக்கு 16 முதல் 20 டாலர் சம்பாதித்தார். நான்கு பிள்ளைகள். வார இறுதியில் ஒரு ஆண் வந்துபோகிறார் என்று 1966 அக்டோபரில் தொகையை வெட்டினார்கள். அந்த மனிதருக்குச் சொந்தத்தில் மனைவியும் ஒன்பது பிள்ளைகளும் இருந்தார்கள். ஸ்மித்தின் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த விதி வந்த 1964 ஜூன் முதல் 1967 ஜனவரி வரை அலபாமாவில் தொகை பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 16,000 குறைந்தது. 1968-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விதியை ரத்து செய்தது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது அதன் காரணம் அல்ல, அதற்குத் தேவைப்பட்ட விசாரணை. ஒரு பெண்ணின் படுக்கையறை விவரம் நாட்டின் உச்ச நீதிமன்ற ஏட்டில் நிரந்தரமாக ஏறிவிட்டது. பிள்ளைகளுக்குச் சோறு கேட்டதற்கு அவர் கொடுத்த விலை அது.

கட்டாயக் கருத்தடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு. மிசிசிப்பி சட்டமன்றத்தின் கீழவையில் 1964-ல் ஒரு மசோதா நிறைவேறியது: உதவித்தொகை பெறுகிறவர்களைக் குறிவைத்து, மணமாகாமல் இரண்டாவது பிள்ளை பெறுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி, சிறைக்குப் பதிலாகக் கருத்தடை செய்துகொள்ளலாம் என்றது. குடிமை உரிமைப் போராட்ட மாணவர்கள் இதை இன அழிப்பு என்று துண்டறிக்கை போட்டு நாடெங்கும் பரப்பிய பிறகு, மேலவை கருத்தடையை நீக்கித் தண்டனையையும் தளர்த்தியது.

சட்டம் இல்லாமலேயே நடந்தவை அதிகம். ஃபேனி லூ ஹேமர் பருத்திப் பண்ணைக் கூலி. பின்னாளில் பெரிய தலைவர். சிறு கட்டியை எடுக்க 1961-ல் மருத்துவமனைக்குப் போனவருக்குக் கேட்காமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்படி நடப்பது சகஜமாக இருந்ததால் அதை மிசிசிப்பி குடல்வால் அறுவை என்றே மக்கள் கேலியும் கசப்புமாகச் சொன்னார்கள். வட கரோலினாவில் இனமேம்பாட்டு வாரியம் என்று ஓர் அரசு அமைப்பே இருந்தது. 1974 வரை சுமார் 7,600 பேருக்குக் கருத்தடை. அங்கே சமூகப்பணி ஊழியரே பெண்ணின் பெயரை வாரியத்துக்குப் பரிந்துரைக்கலாம். ஆரம்பத்தில் வெள்ளையர்களே அதிகம் சிக்கினார்கள். கறுப்பினத் தாய்மாருக்கு உதவித்தொகை கிடைக்கத் தொடங்கிய பிறகு கத்தி அவர்கள் பக்கம் திரும்பியது. கேரி பக்கின் கதையோடு இதைச் சேர்த்து வாசியுங்கள்.

மொய்னிஹன் அறிக்கை என்ன சொன்னது?

தொழிலாளர் துறையில் உதவிச் செயலராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் 1965-ல் எழுதியது. மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் 1963-ல் கறுப்பரிடையே நூற்றுக்கு 23.6, வெள்ளையரிடையே 3.07 என்று காட்டி, கறுப்பினக் குடும்பம் குலைகிறது, அடிமை முறையும் வேலையின்மையும் அதற்குக் காரணம் என்றார். ஆண்களுக்கு வேலை கொடுப்பதுதான் அவர் மனத்தில் இருந்த தீர்வு. ஆனால் நோய்களின் சிக்கல் என்று அவர் எழுதிய தொடரும், தாய் ஆட்சி செய்யும் குடும்பம் பற்றிய பகுதியும்தான் தலைப்புச் செய்தியாயின. வேலைவாய்ப்பை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மொய்னிஹன் மீது எல்லாப் பழியையும் போடுவது நியாயமில்லை. அறிக்கையின் தலைப்பகுதியில் வேலையை வைக்காமல் பெண்களை வைத்தவர் அவர்தான் என்பதையும் மறுக்க முடியாது.

அந்த 3.07-ஐ அப்படியே நம்பவும் கூடாது. அவசரக் கல்யாணம், காசு கொடுத்துச் செய்துகொண்ட ரகசியக் கருக்கலைப்பு, வேறு ஊரில் பிரசவம் எனப் பல வழிகள் வெள்ளையினக் குடும்பங்களின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

இந்தப் பெண்கள் எதிர்த்துப் போராடவில்லையா?

போராடினார்கள், பெரும்பாலும் நீதிமன்றத்தில். நியூ ஆர்லியன்ஸில் வீட்டு வேலை செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்த லூயிஸ் லெவி மருத்துவர்களின் அலட்சியத்தால் இறந்தார் என்று வழக்கு. முறைப்படி பிறக்காத பிள்ளைகள் தாயின் சாவுக்கு நட்டஈடு கேட்க முடியாது, கேட்கவிட்டால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றன லூசியானா நீதிமன்றங்கள். 1968-ல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது.

மிசிசிப்பியின் ட்ரூ என்ற சிற்றூரில் பள்ளி நிர்வாகம், மணமாகாமல் பிள்ளை பெற்றவர்களுக்கு ஆசிரியை உதவியாளர் வேலை கிடையாது என்று 1972-ல் விதி போட்டது. அந்த விதியில் அடிபட்டவர்கள் எல்லாருமே கறுப்பினப் பெண்கள். அவர்களுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஃபேனி லூ ஹேமரும் உண்டு. 1973-ல் கூட்டாட்சி நீதிமன்றம் விதியை ரத்து செய்தது.

வெளியில் நடந்த போராட்டத்தில் ஜானி டில்மன் பெயரை விட முடியாது. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் சலவைக்கடையில் வேலை செய்தவர், ஆறு பிள்ளைகளின் தாய். உடம்பு முடியாமல் உதவித்தொகைக்கு வந்தபோது, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி ஏது என்றுகூட ஊழியர்கள் துருவினார்கள். 1963-ல் பக்கத்து வீட்டுத் தாய்மார்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினார். பிறகு நாடு தழுவிய உதவித்தொகை உரிமை இயக்கத்துக்கே தலைமை ஏற்றார். ஒரு புருஷனை விட்டுவிட்டு அரசாங்கத்தைப் புருஷனாகக் கட்டிக்கொள்வதுதான் இந்தத் திட்டம், ஆனால் இவனை விவாகரத்து செய்ய முடியாது, இவன்தான் உன்னைத் தள்ளிவைப்பான் என்ற பொருளில் 1972-ல் எழுதினார். இந்த வரலாற்றில் இவ்வளவு கூர்மையாக வேறு யாரும் பேசி நான் படித்ததில்லை.

இப்போது நிலைமை என்ன?

அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் நான்கு, மணமாகாத தாய்மாருக்குப் பிறக்கின்றன. கறுப்பரிடையே நூற்றுக்கு எழுபது அளவில், வெள்ளையரிடையே 27, 28 அளவில். மொய்னிஹன் 1965-ல் நெருக்கடி என்று எழுதிய எண்ணை வெள்ளையினம் எப்போதோ தாண்டிவிட்டது. எழுபது என்ற எண்ணைக் காட்டி மிரள்பவர்கள் இன்னொன்றைச் சொல்வதில்லை: மணமாகாத கறுப்பினப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1970-ல் சுமார் 96 குழந்தைகள் பிறந்தன, 2010-ல் சுமார் 65. மணமானவர்கள் பெறும் பிள்ளைகளும், மணமாகிறவர்களின் எண்ணிக்கையும் அதைவிட வேகமாகக் குறைந்ததால்தான் விகிதம் ஏறியது.

தத்துக்கொடுப்பது வெள்ளையரிடமும் அருகிவிட்டது. 1990-களின் முதல் பாதிக்குள் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்தது. அவர்களும் பிள்ளையைத் தாங்களே வளர்க்கத் தொடங்கிய பிறகு, தனித்தாய் என்பது ஒரு மரியாதையான நிலையாயிற்று. ஆனாலும் 1992-ல் துணை அதிபர் டான் குவேல், லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தைப் பற்றிப் பேச வந்த மேடையில், ஒரு தொலைக்காட்சித் தொடரில் மணமாகாமல் பிள்ளை பெறும் வெள்ளைக்காரச் செய்தியாளர் பாத்திரத்தைக் கண்டித்தார். கறுப்பர்கள் வாழும் தெருக்கள் எரிந்ததற்கும் கற்பனைப் பாத்திரத்தின் பிரசவத்துக்கும் முடிச்சுப்போட அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. அதே ஆண்டு நியூ ஜெர்சி, உதவித்தொகை பெறும் தாய்க்கு இன்னொரு பிள்ளை பிறந்தால் கூடுதல் தொகை கிடையாது என்று சட்டமியற்றியது. 2020-ல்தான் அதை நீக்கினார்கள்.

அரசு மன்னிப்புக் கேட்டதா?

மணமாகாத தாய்மாரிடமிருந்து குழந்தைகளைப் பறித்ததற்கு ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் 2013-ல் நாடாளுமன்றத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்க மத்திய அரசு அப்படி எதுவும் கேட்கவில்லை. தத்துப்போன பிள்ளை தன் அசல் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதற்கே நியூயார்க்கில் 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; பல மாநிலங்களில் இன்றும் தடை இருக்கிறது.

வட கரோலினா 2013-ல் கருத்தடை செய்யப்பட்டவர்களுக்கு ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. 2014-ல் முதல் தவணையாக ஆளுக்கு 20,000 டாலர் போனது. விண்ணப்பித்தவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது மாநில வாரியம் இல்லை, மாவட்ட நல அலுவலகமோ உள்ளூர் மருத்துவரோ என்பதால், வாரியத்தின் கோப்புகளில் அவர்கள் பெயர் இல்லை.